ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகள்

கர்னல் பேட்ச்களுடன் வரும் விளக்கக் குறிப்புகளில் நான் அதிகம் படித்த வாக்கியம் ‘செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை’ என்பது. எனக்கு அதிகம் வேலை வைத்த வாக்கியமும் அதுதான். பிழை திருத்த வரும் பேட்ச், தான் எதை மாற்றுகிறது என்று தானே சொல்லிவிடும். படிக்கிறவருக்குக் கண் வைக்க ஓர் இடம் கிடைக்கும். ஒன்றுமே மாறவில்லை என்று வரும் பேட்சில் எந்த வரியிலிருந்தும் கண்ணை எடுக்க முடியாது.

2017-லிருந்து லினக்ஸ் கர்னலின் லைவ் பேட்ச் பகுதியில் வேலை செய்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை ரீபூட் செய்யாமலே கர்னலில் உள்ள பாதுகாப்புப் பிழையைத் திருத்துவது எங்கள் வேலை. இது ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு 2016 அக்டோபரைச் சொல்வேன். ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை அப்போதுதான் வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனர் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ரூட் அதிகாரத்தையே கைப்பற்ற வழிவிட்ட பிழை அது. 2007-லிருந்தே கர்னலுக்குள் இருந்திருக்கிறது. திருத்தம் என்னவோ சில வரிகள்தான். ஆனால் திருத்திய கர்னலைப் போட வேண்டுமென்றால் ரீபூட் செய்தாக வேண்டும். பல டெராபைட் தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ஒரு டேட்டாபேஸ் சர்வர் அணைந்து, அத்தனையையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு எழுந்து நிற்க வெகுநேரம் பிடிக்கும். அதனால் ரீபூட்டை வார இறுதிக்குத் தள்ளிவைப்பார்கள். அதுவரை ஓட்டை திறந்தே கிடக்கும். அந்தச் சில நாட்களை மூடத்தான் லைவ் பேட்ச்.

எண்ணம் புதிதல்ல. 2008-லேயே எம்.ஐ.டி.யிலிருந்து ‘கேஸ்பிளைஸ்’ வந்தது. 2011-ல் அதை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. 2014-ல் ரெட் ஹாட் ‘கேபேட்ச்’ என்றும், சூசே ‘கேகிராஃப்ட்’ என்றும் ஆளுக்கொரு வழியை வெளியிட்டன. கிராஃப்ட் என்றால் ஒட்டுக்கட்டுவது. எங்கள் ஊர்ப்பக்கம் மாங்கன்றில் ஒட்டுக்கட்டுபவர்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அந்தப் பெயர் எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. வேரும் அடித்தண்டும் பழையவை, மேலே வருவது வேறு இனம், நடுவில் மரம் சாகவே கூடாது. இரண்டு வழிகளுக்கும் பொதுவான அடித்தளம் 2015-ல் வந்த 4.0 கர்னலில் சேர்ந்தது. இரண்டின் நல்ல பகுதிகளையும் கலந்த முறை 2017-ல் 4.12-ல் சேர்ந்தது. நான் வேலைக்கு வந்ததும் அந்த ஆண்டுதான்.

அடிப்படை நுட்பம் எளியது. இன்டெல் வகைச் சிப்களுக்காகக் கர்னலைத் தொகுக்கும்போது, ஏறக்குறைய ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ஒன்றும் செய்யாத 5 பைட் கட்டளை ஒன்று விடப்படுகிறது. ஃபங்ஷன்களின் ஓட்டத்தை வேவு பார்க்கும் ‘எஃப்டிரேஸ்’ வசதிக்காக ஒதுக்கிய இடம் அது. லைவ் பேட்ச் அதே இடத்தைக் கடன் வாங்குகிறது. ஓடும்போதே அந்த 5 பைட்டை மாற்றி, யார் அந்த ஃபங்ஷனை அழைத்தாலும் முதலில் எங்கள் காவலாளிக் குறியீட்டிடம் வரும்படி செய்கிறோம். காவலாளி பார்த்து, ‘பழையதற்குள் போக வேண்டாம், இதோ இங்கே போ’ என்று புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடுகிறது. இவ்வளவையும் ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். யாரை எப்போது திருப்பிவிடுவது என்பதைத்தான் நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பஸ் வழித்தடம் மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நாளை காலை முதல் 12-ஆம் நம்பர் பஸ் கடைத்தெரு வழியே போகாமல் பைபாஸ் வழியே போக வேண்டும் என்று உத்தரவு. அந்த நேரத்தில் பாதி வண்டிகள் நடுவழியில் இருக்கும். அவற்றை எங்கே நிற்கின்றனவோ அங்கிருந்தே பைபாஸுக்குத் தூக்கிவைக்க முடியாது. எந்த வண்டி டிரிப் முடித்து ஸ்டாண்டுக்கு வருகிறதோ, அது அடுத்த டிரிப்பிலிருந்து புதிய தடம். கர்னலிலும் அதேதான். ஒவ்வொரு டாஸ்க்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையும், கர்னலை விட்டு வெளியே வரும் கணத்தில் ‘பழையது’ என்ற நிலையிலிருந்து ‘புதியது’ என்ற நிலைக்கு மாறுகிறது. ஸ்டாண்டுக்கு வராமல் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் டாஸ்க் என்றால் அதன் ஸ்டாக்கைப் படித்துப் பார்க்கிறோம். நாம் மாற்றப்போகும் ஃபங்ஷன் எதற்குள்ளும் அது இல்லை என்று உறுதியானால் தூக்கத்திலேயே மாற்றிவிடுகிறோம். கடைசி டாஸ்க்கும் மாறும்வரை இந்த இடைக்காலம் நீளும். சில நொடிகளில் முடியலாம், நிமிடக்கணக்கிலும் இழுக்கலாம். அசையாமல் கிடக்கும் டாஸ்க்குகளை 15 நொடிக்கு ஒருமுறை கர்னலே தட்டி எழுப்பிப் பார்க்கும்.

இந்த இடைக்காலத்தில் ஒரே சாலையில் பழைய தட வண்டிகளும் புதிய தட வண்டிகளும் சேர்ந்து ஓடுகின்றன. எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. ஒரு தவறு செய்துதான் புரிந்தது.

சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு பிழைத் திருத்தத்தை லைவ் பேட்சாக மாற்றியிருந்தார்கள். படித்துப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பு என்னுடையது. மூலக் கர்னலில் அந்தத் திருத்தத்தை எழுதியவர் போகிற போக்கில் குறியீட்டை ஒழுங்கும் செய்திருந்தார். மூன்று ஃபங்ஷன்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய இரண்டு லாக்குகள். முன்பு எல்லோரும் முதல் லாக்கை எடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்கள். ஒழுங்குசெய்த பிறகு எல்லோரும் இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதை எடுக்கிறார்கள். மூன்று இடங்களிலும் சீராக மாற்றியிருந்ததைச் சரிபார்த்தேன். புதிய குறியீடு தனக்குள் முரண்படவில்லை. ஒப்புதல் தந்தேன்.

சோதனைக்கூடத்தில், நெருக்கடியான பணிச்சுமையில் அந்த பேட்சை ஏற்றியபோது எந்திரம் உறைந்தது. 120 நொடிகளாக இந்த டாஸ்க் நகரவில்லை என்ற எச்சரிக்கைகள் திரையில் வரிசையாக விழுந்தன. ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய இரண்டு பாலங்கள் என்று வைத்துக்கொண்டால், பழைய தட வண்டி முதல் பாலத்தின் மேல் நின்றபடி இரண்டாவது காலியாகக் காத்திருக்கிறது. புதிய தட வண்டி இரண்டாவதன் மேல் நின்றபடி முதலாவது காலியாகக் காத்திருக்கிறது. பழைய குறியீடு சரி, புதிய குறியீடும் சரி. இரண்டும் சேர்ந்து ஓடும் அந்தச் சில நொடிகளை நான் படிக்கவே இல்லை. ஒரு டாஸ்க் தனக்குள் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஆகாமல் கர்னல் பார்த்துக்கொள்கிறது. ஒரு டாஸ்க்குக்கும் இன்னொரு டாஸ்க்குக்கும் இடையே அப்படிப்பட்ட காவல் கிடையாது.

வாடிக்கையாளரிடம் போகும் முன்பே பிடிபட்டது. பழைய லாக் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் அடைக்கும் வேறொரு திருத்தத்தை எழுதினோம். பார்க்க அழகாக இல்லை. ஒரே சோதனை இரண்டு இடங்களில் வந்தது. அன்றிலிருந்து ஒரு பேட்சை மூன்று முறை படிக்கிறேன்: முன்பு எப்படி ஓடியது, பின்பு எப்படி ஓடும், இரண்டும் அருகருகே ஓடினால் என்ன ஆகும். மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் மூன்றாவதற்கு வரி கிடையாது. மனதுக்குள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக் குறியீட்டை ஒழுங்குசெய்யும் ரீஃபாக்டரிங் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வேலையில் இருப்பவர்கள் எதையும் மாற்ற விடமாட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. ஒழுங்குசெய்யாமல் விட்ட குறியீடு நாளடைவில் யாருக்கும் புரியாமல் போகிறது. புரியாத குறியீட்டில் பாதுகாப்புப் பிழைகள் வசதியாகக் குடியிருக்கின்றன. ஆனால் லைவ் பேட்சுக்குள் வரும் ரீஃபாக்டரிங் வேறு, லைவ் பேட்ச் செய்யும் எந்திரத்துக்கே நடக்கும் ரீஃபாக்டரிங் வேறு. முன்னதை முடிந்தவரை உரித்தெடுத்துவிட்டுத் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பின்னது அவசியம். அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முன்னதை ஏன் உரிக்கிறோம் என்பதற்குச் சில சின்னக் காரணங்கள். ஒரு துண்டைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தெடுத்தால் கம்பைலர் அதை அழைத்தவருக்குள்ளேயே மறுபடி கரைத்துவிடலாம், கரைக்காமலும் விடலாம். மூலத்தில் ஒரு ஃபங்ஷனை மாற்றியிருப்போம். பைனரியில் அது ஏழு இடங்களில் கரைந்து கிடக்கும். அந்த ஏழையும் மாற்ற வேண்டும். ஃபங்ஷனுக்குள் ‘ஸ்டாட்டிக்’ மாறி ஒன்று இருந்து, அதைக் கவனிக்காமல் புதிய ஃபங்ஷனை ஏற்றினால் மாறி புதிதாகப் பிறந்துவிடும், அதுவரை எண்ணிய கணக்கு போய்விடும். இன்னொன்று கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. ஃபைலின் மேற்பகுதியில் இரண்டு வரி சேர்த்தால் கீழே எல்லா வரி எண்களும் இரண்டு கூடும். எச்சரிக்கை அச்சிடும் மேக்ரோக்கள் வரி எண்ணைப் பைனரிக்குள் பதிக்கின்றன. ஆகவே தொடாத ஃபங்ஷன்களும் தொட்டவை போலத் தெரியும். பைனரிகளை ஒப்பிட்டு லைவ் பேட்ச் தயாரிக்கும் கேபேட்ச் கருவியில், வரி எண் மட்டும் மாறிய ஃபங்ஷன்களைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்கென்றே தனிக் குறியீடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

எந்திரத்துக்கே நடக்கும் ரீஃபாக்டரிங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு முன்மாதிரி உண்டு. 2019-ல் 5.1 கர்னலில் சேர்ந்த 11 பேட்ச்கள் கொண்ட வரிசை. ஒரு லைவ் பேட்ச், முன்பு ஏற்றிய எல்லா லைவ் பேட்ச்களையும் ஒரே வீச்சில் நீக்கிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும் வசதியை அது கொண்டுவந்தது. ஜேசன் பேரன் தொடங்கியதைப் பெட்ர் ம்லாடெக் எடுத்துச் சென்று முடித்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டது பதினைந்தாவது வடிவம். பதினான்கு முறை திருத்தி எழுதியிருக்கிறார்கள். இது பொறுமையின் கதை என்று பலர் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்த வரிசையின் முதல் மூன்று பேட்ச்கள்.

முதல் பேட்ச் பழைய ஃபங்ஷனின் முகவரியை வைத்திருந்த எண்ணைச் சுட்டியாக மாற்றுகிறது, பெயரையும் அதற்கேற்ப மாற்றுகிறது. வேறு எதுவும் இல்லை. இரண்டாவது சில ஃபங்ஷன்களை ஃபைலுக்குள் மேலும் கீழும் நகர்த்துகிறது. நகர்த்துவது மட்டும்தான். மூன்றாவது நினைவகத்தை விடுவிக்கும் ஃபங்ஷன்களை ஒன்றுசேர்க்கிறது. பேட்ச் பதிவுசெய்வது, பேட்ச் இயக்குவது என்று இரண்டு படிகளாக இருந்ததை ஒரே படியாக்கும் உண்மையான மாற்றம் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. நகர்த்தலையும் மாற்றத்தையும் ஒரே பேட்சில் கலந்திருந்தால் அந்த டிஃப் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருந்திருக்கும். யாராலும் படித்திருக்க முடியாது. படித்ததாகச் சொல்லியிருப்பார்கள். தனியாக நகர்த்தினால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியிடமே கேட்கலாம். அதில் 2017-ல் வந்த ஒரு வசதி, இடம் மட்டும் மாறிய வரிகளுக்கு வேறு நிறம் பூசிக் காட்டுகிறது. நகர்ந்த வரிகள் மங்கிப்போகும். நகரும்போது யாராவது ஒரு வரியைத் தொட்டிருந்தால் அது மட்டும் பளிச்சென்று நிற்கும்.

அந்த வரிசையை நான் என் ஆசைக்காகவே மூன்று முறை படித்திருக்கிறேன். லைவ் பேட்சின் தகவல்களை விடுவிக்கும் இடம் ஒன்று அதில் உண்டு. ஒரு பேட்சை அணைக்கச் சொல்லி எழுதும் சிஸ்எஃப்எஸ் ஃபைலின் கையாளி ஒரு லாக்கை எடுக்கிறது. அதே லாக்கைப் பிடித்துக்கொண்டு அந்த ஃபைலை நீக்கப் போனால் நீக்குபவர் கையாளிக்காகவும், கையாளி நீக்குபவருக்காகவும் காத்திருப்பார்கள். அதற்காக விடுவிக்கும் வேலையின் கடைசிப் பகுதியை லாக்குக்கு வெளியே தள்ளி, காரணத்தையும் குறிப்பாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் ‘இந்த ஒரு வரி ஏன் வெளியே நிற்கிறது, உள்ளே இழுத்தால் அழகாக இருக்குமே’ என்று இழுக்க எத்தனை பேருக்குக் கை வரும்!

எங்கள் குழுவில் 2021-ல் ஒரு தம்பி சேர்ந்தான். கல்லூரி முடித்து இரண்டே ஆண்டுகள். கூர்மையான கண். இரண்டே மாதத்தில் லைவ் பேட்சின் மையப் பகுதியை முழுதாகப் படித்துவிட்டு, அதை ஒழுங்குசெய்து மூலக் கர்னலுக்கு அனுப்ப ஒரு பேட்ச் தயார்செய்தான். வெளியே அனுப்பும் முன் எங்களுக்குள் ஒருவர் படிப்பது வழக்கம். என்னிடம் வந்தது. விளக்கக் குறிப்பின் கடைசி வரி: செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை.

லைவ் பேட்சை இயக்கும் ஃபங்ஷன் ஒன்று, அணைக்கும் ஃபங்ஷன் ஒன்று. இரண்டும் பார்க்க உடன்பிறந்தவை போல இருக்கும். இரண்டும் முதலில், மாறப்போகும் ஒவ்வொரு ஃபங்ஷன் மீதும் ‘இப்போது இடைக்காலம்’ என்று குறி வைக்கின்றன. இரண்டும் அடுத்து ‘ரைட் பேரியர்’ ஒன்றைப் போடுகின்றன. இதற்கு முன் எழுதியவை, இதற்குப் பின் எழுதுபவற்றுக்கு முன்பே மற்ற சிபியுக்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒற்றை வரி அது. பிறகு இயக்கும் ஃபங்ஷன் புதிய ஃபங்ஷனைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, எல்லா டாஸ்க்குகளுக்கும் ‘நீ மாற வேண்டும்’ என்ற கொடியை ஏற்றுகிறது. அணைக்கும் ஃபங்ஷனுக்குப் பட்டியலில் சேர்க்க எதுவும் இல்லை, நேரே கொடியேற்றத்துக்குப் போகிறது. இரண்டு பேரியர்களுக்கும் மேலே நீளமான குறிப்புகள் உண்டு. அந்தக் குறிப்புகள் ஒரே சொற்களோடு தொடங்குகின்றன, போகப்போகத்தான் பிரிகின்றன.

தம்பி முதல் குறிப்பை ஆழமாகப் படித்திருந்தான். குறி வைத்தது தெரிந்த பிறகே பட்டியலில் புதியது தெரிய வேண்டும் என்கிறது அது. ஆகவே பேரியர் பட்டியலோடு இருப்பதுதான் முறை என்று தீர்மானித்து, பட்டியலில் சேர்க்கும் உதவி ஃபங்ஷனுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தான். ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகள் ஒன்றாயின. டிஃப் அழகாக இருந்தது. இருபது வரி குறைந்திருந்தது.

அணைக்கும் பாதையில் பேரியர் காணாமல் போயிருந்தது.

முதல் வாசிப்பில் எனக்கும் தெரியவில்லை. நகர்ந்த வரிகளுக்கு நிறம் பூசிப் பார்த்தபோது, இரண்டு இடங்களிலிருந்து போன வரி ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. போனது இரண்டு, வந்தது ஒன்று. அங்கே நின்றேன்.

அணைக்கும் பாதையில் அந்த பேரியருக்கு வேறு வேலை. குறிக்கும் பட்டியலுக்கும் நடுவில் நிற்பதல்ல, குறிக்கும் கொடிக்கும் நடுவில் நிற்பது. அது இல்லாவிட்டால், கடைசியில் எழுதிய கொடி ஒரு டாஸ்க்கின் கண்ணில் முதலில் பட்டுவிடலாம். அந்த டாஸ்க் கொடியைப் பார்த்து ‘சரி, நான் பழையதற்குத் திரும்பிவிட்டேன்’ என்று தன் நிலையை மாற்றிக்கொள்கிறது. அடுத்த கணம் அந்த ஃபங்ஷனை அழைக்கிறது. வாசலில் காவலாளி நிற்கிறது. இடைக்காலக் குறி இருந்தால்தான் காவலாளி டாஸ்க்கின் நிலையைக் கேட்கும். குறியோ இந்தச் சிபியுவுக்கு இன்னும் தெரியவில்லை. ஆகவே கேட்காமலே புதிய ஃபங்ஷனுக்குள் அனுப்பிவிடுகிறது. டாஸ்க் அதற்குள் தூங்கிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் அது வெளியேறியாயிற்று. எல்லா டாஸ்க்கும் மாறிவிட்டன, இடைக்காலம் முடிந்தது, பேட்ச் மாட்யூலைக் கழற்றலாம் என்று கர்னல் முடிவெடுக்கிறது. கழற்றுகிறார்கள். தூங்கிய டாஸ்க் விழிக்கும்போது அது படுத்திருந்த வீடே இல்லை.

அழைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான்:

“அக்கா, ரெண்டு நாளா ஓட்டிப் பார்த்தேன். ஆயிரம் தடவைக்கு மேல ஏத்தி இறக்கியாச்சு. ஒரு தடவைகூட விழலையே?”

“எந்த மெஷின்ல ஓட்டினே?”

“என் மெஷின்லதான்.”

அவன் எந்திரம் இன்டெல். அந்த வகைச் சிப்கள் எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே மற்றவர்களுக்குக் காட்டிவிடும். போதாததற்கு, கொடியேற்றும் கட்டளை அங்கே தானே ஒரு முழு பேரியராகவும் வேலை செய்கிறது. லட்சம் முறை ஓட்டினாலும் அங்கே விழாது. பவர் வகைச் சிப்களில் அந்த உத்தரவாதம் கிடையாது. லைவ் பேட்ச் அவற்றிலும் ஓடுகிறது. எங்களிடம் இருந்த ஒரு பவர் எந்திரத்தில் ஓட்டினோம். அங்கேயும் விழவில்லை. குறிக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு செய்தியை அச்சிடும் அழைப்பு வருகிறது, ஒரு லாக் எடுக்கப்படுகிறது. அவை தற்செயலாகக் காப்பாற்றியிருக்கலாம். நாளை யாராவது அந்தச் செய்தி தேவையில்லை என்று நீக்கலாம். அதுவும் ‘செயல்பாட்டில் மாற்றம் இல்லாத’ பேட்சாகத்தான் வரும்.

“விழாத ஒண்ணை விழும்னு எப்படிக்கா சொல்றது?” என்றான். எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது, பதில் சொல்லக் கடினமானதும் அதுதான். ஓடி உடைந்தால் எல்லோரும் நம்புவார்கள். படித்துச் சொன்னால், உன் பயத்தைச் சொல்கிறாய் என்று நினைக்க இடம் இருக்கிறது. ரிவ்யூ செய்கிறவர் மூத்தவர் என்பதாலேயே இளையவர் தலையாட்டிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். அப்படித் தலையாட்டியவர் அடுத்த முறையும் அதே இடத்தில் தடுக்கி விழுவார்.

நல்லவேளையாக எங்களுக்கு ஒரு வழி இருந்தது. 2018-ல் வந்த 4.17-லிருந்து கர்னல் மூலத்துக்குள்ளேயே நினைவக வரிசை பற்றிய விதிகளை முறைப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். கேள்வியைச் சின்ன நிரலாக எழுதி ‘ஹெர்டு’ என்ற கருவியிடம் கொடுத்தால், அந்த விதிகளின்படி சாத்தியமான எல்லா விளைவுகளையும் கணக்கிட்டுச் சொல்லும். அந்தச் சின்ன நிரலுக்குப் பெயர் லிட்மஸ் சோதனை. பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தில் நனைத்துப் பார்த்த லிட்மஸ் தாளின் பெயர்தான். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ஒரு பக்கம் குறியை எழுது, கொடியை எழுது. இன்னொரு பக்கம் கொடியைப் படி, பிறகு வரிசை மாறாதபடி குறியைப் படி. கேட்கும் கேள்வி: கொடி தெரிந்து, குறி தெரியாமல் போக முடியுமா?

பேரியர் இல்லாமல் ஓட்டினோம். நான்கு விளைவுகள் சாத்தியம், அவற்றில் ஒன்று நாங்கள் பயந்தது. ‘சில வேளைகளில்’ என்று பதில் வந்தது. பேரியரைச் சேர்த்து ஓட்டினோம். மூன்று விளைவுகள். ‘ஒருபோதும் இல்லை.’ தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேரியரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். திரும்பச் சேர்த்து ஓட்டினான். நான் சொல்லி ஏற்றுக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் அவன் முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் பேட்ச் நான்காகப் பிரிந்து வந்தது. முதலாவது நகர்த்தல் மட்டும். நிறம் பூசிப் பார்த்தேன், முழுக்க மங்கியது, ஐந்து நிமிட வேலை. இரண்டாவது பெயர் மாற்றம். மூன்றாவது, உதவி ஃபங்ஷனைப் பிரித்தெடுப்பது. பேரியர்கள் இரண்டும் அவை இருந்த இடத்திலேயே இருந்தன. நான்காவதில் ஒரு பழைய ஆசை மிச்சமிருந்தது. இயக்குவதையும் அணைப்பதையும் ஒரே ஃபங்ஷனாக்கி, எந்தத் திசை என்பதை ஓர் அளபுருவாகக் கொடுப்பது. இந்த முறை பேரியர் காணாமல் போகவில்லை. பொதுவாக ஒன்று, இரு வேலைகளையும் செய்யும் இடத்தில் நின்றது. குறை சொல்ல முடியாத குறியீடு.

அதற்கும் நான் ஒப்புதல் தரவில்லை. தவறு இல்லாத பேட்சை மறுப்பது எனக்கு எளிதாக வரவில்லை, இரவெல்லாம் அதையே யோசித்தேன். கர்னலில் ரிவ்யூ செய்தவர் தன் பெயரைப் பேட்சின் கீழ் எழுதித் தருவது ஒரு வாக்குறுதி. சோதித்தேன் என்பதற்குத் தனி வரி உண்டு, ஆட்சேபணை இல்லை என்பதற்குத் தனி வரி உண்டு. ரிவ்யூ செய்தேன் என்ற வரி, இதை நான் படித்தேன், இது கர்னலுக்குத் தகுதியானது என்று நம்புகிறேன் என்று பொருள்படும். இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கிய பிறகு, அந்த ஒற்றை பேரியருக்கு மேல் இரண்டு காரணங்களை எழுத வேண்டியிருந்தது. அளபுரு எந்தத் திசையில் இருந்தால் எந்தக் காரணம் என்றும் எழுத வேண்டியிருந்தது. அதைப் படிக்கப்போகிறவர் முதல் காரணத்தோடு நின்றுவிடக்கூடும். இந்த அறையிலேயே ஒருவர் அப்படித்தான் நின்றார், அதுவும் கவனமாகப் படிக்கக்கூடியவர். இதையே மறுமொழியாக எழுதினேன், பெயர் சொல்லாமல்.

அவன் மறுநாள் பதில் அனுப்பினான். நான்காவதை எடுத்துவிட்டிருந்தான். அதற்குப் பதிலாக மூன்றாவதன் விளக்கக் குறிப்பில் ஒரு பத்தி சேர்த்திருந்தான்: இந்த இரண்டு பேரியர்களும் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றாக்கக்கூடாது, காரணம் இது, லிட்மஸ் சோதனை கீழே. ‘செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, எவையெவை மாறவில்லை என்று பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எழுதியிருந்தான். ஏழு வரிகள் வந்தன. ஏழையும் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. முடித்தபோது அலுவலகத்தில் விளக்கணைக்க வந்தவர் வாசலில் நின்றிருந்தார். மூன்று பேட்ச்களின் கீழும் பெயரை எழுதி அனுப்பிவிட்டு எழுந்தேன்.